கந்தோர் மேசையும் கட்டட வேலைத்தளமும்: யாழ்ப்பாணத்துத் தொழில் தெரிவு பற்றியொரு வரலாற்று நோக்கு

இலங்கையில் முதன்முதலாக நிறுவப்பெற்ற கணினி, வங்கியொன்றின் கணக்குகளைப் பார்ப்பதற்கோ பல்கலைக்கழகமொன்றின் ஆராய்ச்சிக்கோ தருவிக்கப்பட்டதன்று. 1967ஆம் ஆண்டில் அதனை நிறுவியது அரச பொறியியற் கூட்டுத்தாபனமாகும். பாலங்களையும் கட்டடங்களையும் அமைப்பதற்கெனத் தோற்றுவிக்கப்பட்ட நிறுவனம் அது. அதன் தலைவராய் விளங்கிய ஏ. என். எஸ். குலசிங்க, முன்தகைத்த கொங்கிறீற்று முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்த பொறியியலாளர். 1965ஆம் ஆண்டுக் கைத்தொழிற் கண்காட்சியை ஒட்டிக் கொழும்பில் எழுந்த தாமரை வடிவான கோள்மண்டலக் கட்டடமும், உள்ளே வெறுமையாயிருக்கக் களுத்துறையில் எழுந்து நிற்கும் தாதுகோபமும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவன. இத்தகைய ஓட்டுக் கட்டமைப்புகளின் தகைப்புகளைக் கையாற் கணித்து முடிப்பதற்கு எத்துணைக் காலம் செல்லும் என்பதை அறிந்த ஒருவரே கணினியை முதலில் நாடினார் என்பதில் வியப்பில்லை.

கட்டடத் துறையா, தகவல் தொழில்நுட்பமா என்ற வினா இன்று உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றுடன் நிற்கும் மாணவர் பலரிடம் வீட்டாராலும் அயலாராலும் வினவப்படுகின்றது. வினாவின் அமைப்பே இரண்டையும் எதிரெதிர்க் கரைகளாக நிறுத்திவிடுகின்றது. ஒருபுறம் வெயிலும் சீமெந்துத் தூசியும், மறுபுறம் குளிரூட்டிய அறையும் விசைப்பலகையும். 1967ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்குமிடத்து இப்பிரிவினை தொழில்களின் இயல்பிலிருந்து பிறந்ததன்று என்பது புலனாகும். அவ்வாறாயின் அது எங்கிருந்து பிறந்தது? யாழ்ப்பாணச் சமூகத்தைப் பொறுத்தவரையில், கணினி என்ற சொல் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இப்பிரிவினை வேர்கொண்டுவிட்டது. "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்ற பழமொழியை அறியாத யாழ்ப்பாணத்து வீடு இல்லை. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கிராமத்து நாவில் உருமாறி நிற்கும் அப்பழமொழியில் நகைச்சுவை உண்டு. ஆயினும் அதனைச் சொல்லியோர் பெரும்பாலும் நகைப்பதற்காகச் சொல்லவில்லை.

இம்மனப்பாங்கின் தொடக்கத்தை மிசன் கல்வியிலே காணலாம். அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855ஆம் ஆண்டில் மூடப்படும்வரை கணிதம், வானியல், ஆங்கிலம் ஆகியவற்றை உயர்ந்த தரத்திற் கற்பித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கு பயின்றவர்களே. வரண்ட நிலமும் சிறு காணித்துண்டுகளும் கொண்ட குடாநாட்டில், தோட்டத்தையும் பனையையும் நம்பிப் பெருகும் குடும்பங்கள் அனைத்தும் வாழ்தல் அரிதாயிற்று. ஆங்கிலமும் கணக்கும் கற்ற இளைஞன் வெளியேறுவதற்குக் கல்வியே வழித்துணையாயிற்று. இவ்வளவும் பலராலும் எழுதப்பட்ட செய்திகளே. ஆயின் அவ்விளைஞன் எங்கே சென்று சேர்ந்தான் என்பது போதியளவு கவனிக்கப்படவில்லை.

அவன் சென்று சேர்ந்த கந்தோர்களுட் பெரும்பாலானவை கட்டுமானத்தின் கந்தோர்கள். 1858ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பையும் காலியையும் தந்திக்கம்பி இணைத்தது. அதே ஆண்டிலே புகையிரதப் பாதைக்கான முதல் மண்ணும் வெட்டப்பட்டது. 1860களின் நடுப்பகுதியிற் கொழும்பிலிருந்து அம்பேபுச வரை வண்டி ஓடியது. 1905ஆம் ஆண்டில் வடபாதை முழுமை பெற்று யாழ்ப்பாணமும் கொழும்பும் நேரடியாக இணைந்தன. மராமத்துப் பகுதி, நில அளவைப் பகுதி, புகையிரதப் பகுதி, தந்தி தபாற் பகுதி ஆகியவை விரிந்த வேகத்திலேயே எழுதுவினைஞர் உத்தியோகமும் விரிந்தது. ஒரு மைல் வீதி அமைக்கப்படுவதற்கு அதன் பின்னால் எத்தனை பேரேடுகள், சம்பளப் பட்டியல்கள், பொருட்பதிவுகள் எழுதப்பட வேண்டியிருந்தன என்பதை எண்ணிப் பார்ப்பின் இத்தொடர்பு தெளிவாகும். மோர்சுக் குறியீட்டைக் காதாற் கேட்டுக் கையால் எழுதிய தந்தி உத்தியோகத்தனை அக்காலத்தின் தகவல் தொழில்நுட்பவியலாளன் என அழைப்பதில் மிகை எதுவுமில்லை. அவன் இருந்த நிலையத்தையோ கல் சுமந்தவன் கட்டிக் கொடுத்தான்.

மலாயாவின் கதை இதனை இன்னும் கூர்மையாக எடுத்துக்காட்டும். அந்நாட்டின் முதலாவது புகையிரதப் பாதை, தைப்பிங்கையும் போட் வெல்ட்டையும் இணைத்து 1885ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவினர் கொண்டுசெல்லப்பட்டனர். 1890களின் தொடக்கத்தில் இலங்கை மராமத்துப் பகுதியில் அனுபவம் பெற்ற சி. ஈ. ஸ்பூனர் என்ற பொறியியலாளர் சிலாங்கூருக்குச் சென்றார். பின்னர் ஐக்கிய மலாய் நாடுகளின் புகையிரதப் பகுதிக்கு அவரே பொது முகாமையாளரானார். இலங்கையில் தாம் கண்டறிந்த யாழ்ப்பாணத்து உத்தியோகத்தரை அவர் அங்கு விரும்பி அமர்த்தினார். ஒருவர் சென்றதும் தம்பியை அழைத்தார். தம்பி மைத்துனனை அழைத்தான். நிலைய அதிபர், எழுதுவினைஞர், வரைஞர், களஞ்சியக் காப்பாளர், ஓவசியர் எனக் கிராமம் கிராமமாக இளைஞர் கப்பலேறினர். கோலாலம்பூரில் இவர்கள் செறிந்து வாழ்ந்த பகுதியின் பெயர் பிறிக்பீல்ட்ஸ் என்பது. அந்நகரைக் கல்லாற் கட்டியெழுப்புவதற்குச் செங்கல் சூளையிட்ட இடம் அது. ஈழத்தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் அங்கேயே அமைந்துள்ளது. சூளை நிலத்தின்மேற் குடியிருந்துகொண்டு, சூளை வேலையைத் தமக்குரியதன்று எனக் கருதிய ஒரு சமூகத்தின் முரண்பாட்டுக்கு இதனினும் பொருத்தமான குறியீட்டைத் தேட வேண்டியதில்லை.

இக்கூற்று சற்றுக் கடுமையானதாகத் தோன்றலாம். ஆயின் மலாயப் புகையிரதப் பாதையில் மண் வெட்டியோரும் சிலிப்பர் கட்டை சுமந்தோரும் பெருமளவிற் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் என்பதை மறத்தலாகாது. வெள்ளையர் வரைபடத்தை விரித்தனர். தென்னிந்தியத் தொழிலாளி அதனை நிலத்தில் நிறைவேற்றினான். இருவர்க்கும் நடுவே பேனாவுடன் இருந்தவர் யாழ்ப்பாணத்தவர். ஒரே மொழி பேசியும் இவ்விரு தமிழருக்குமிடையே நிலவிய தூரம் பெரிது. அத்தூரத்தை ஏற்படுத்தியதிற் சம்பள வேறுபாட்டுக்குப் பங்குண்டு. அதனினும் மேலாக, கைவேலை செய்பவன், அதனைக் குறித்து எழுதுபவன் என்ற பேதத்தைக் குடியேற்ற ஆட்சி தன் நிருவாக ஒழுங்கிலேயே அமைத்து வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தவர் அவ்வொழுங்கை உருவாக்கவில்லை. எனினும் அது அவர்கள் ஊரிலிருந்து கொண்டுசென்ற ஓர் எண்ணத்தோடு நன்கு பொருந்திவிட்டது.

அவ்வெண்ணம் சாதியமைப்பின் பாற்பட்டது. யாழ்ப்பாணத்திற் கட்டடத் தொழில் குலத்தொழிலாகவே இருந்துவந்தது. மரவேலை தச்சருக்கும், இரும்புவேலை கொல்லருக்கும், கல்வேலையும் சுண்ணாம்பு நீற்றுதலும் வேறு சமூகத்தார்க்கும் உரியனவாயின. இத்தொழில்களின் நுட்பமோ சாதாரணமானதன்று. கிணறு வெட்டும்போது வெளிப்படும் சுண்ணக்கல்லை இனம்பார்த்துப் பிரித்து, அடித்தளத்துக்கு ஏற்றது இது, சூளைக்கு ஏற்றது இது என வகுத்தல் வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவிட்டு மணலோடு குழைக்கும் பதம் கைக்கே தெரியும். வயிரமேறிய பனையைத் தேர்ந்து பிளந்து வளையும் சிலாகையுமாக்கிக் கூரையேற்றினால் அது பல தலைமுறை நிற்கும். நாற்சார் வீட்டின் நடுமுற்றத்திற் பெய்யும் மழை எத்திசையால் வெளியேறும் என்பதைத் தூக்குக்குண்டும் நூற்கயிறும் கொண்டு வாட்டம் பார்த்துத் தீர்மானித்தவன் எழுத்தறியாதவனாயிருக்கலாம். கணிதம் அறியாதவனல்லன். ஆயினும் அவன் அறிவு தந்தையிடமிருந்து மகனுக்குக் கைவழியாகச் சென்றதேயன்றிப் பாடசாலைக்கு வரவில்லை. பாடசாலை அறிவோ அவன் வாசலை எட்டவில்லை. செமினரியில் முக்கோண கணிதம் பயின்றவனும் கூரைச் சரிவைக் கண்ணால் அளந்தவனும் ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒரு மேசையில் அமர்ந்து பேசியதில்லை. இது நம் தொழில்நுட்ப வரலாற்றின் பேரிழப்பு எனலாம்.

ஆயின் பொருளாதாரம் இவர்களை வேறு வழியாற் பிணைத்தது. மலாயாவிலிருந்து வந்த காசுக்கட்டளைகளாற் குடாநாட்டில் மண் வீடுகள் கல்வீடுகளாயின. "கல்வீட்டுக்காரர்" என்பது ஒரு தகுதிப் பெயராயிற்று. ஓய்வூதியம் பெற்று ஊர் திரும்பிய மலாயன் பென்சனியர் முதலிற் செய்த காரியம் வீட்டுக்கு முன்விறாந்தை அமைத்ததும் கோயிலுக்கு மண்டபம் கட்டியதுமே. பேனா உழைத்த பணம் மேசன் கரண்டிக்குக் கூலியாகப் போய்ச் சேர்ந்தது. தன் மகன் கரண்டி பிடிப்பதை மாத்திரம் பேனா விரும்பவில்லை. மேசனும் காலப்போக்கில் அதனை விரும்பாதவனானான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபின் அவனுடைய பிள்ளையும் பள்ளிக்குச் சென்றது. குலத்தொழிலை விட்டு விலகுதல் அவனுக்கு வெறும் ஆசையன்று. அது விடுதலையும் ஆகும். உத்தியோக மோகத்தைப் பழித்து எழுதுவோர் பலர் இவ்வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. உயர்த்தப்பட்ட சாதியான் கைத்தொழிலை இகழ்ந்து ஒதுக்கியதும், ஒடுக்கப்பட்டவன் அதனிலிருந்து தப்பியோடியதும் ஒரே செயலாகா.

இவ்விரு உலகங்களுக்கும் இடையில் நின்றவர் ஒருவர் உண்டெனில் அவர் ஓவசியர். மராமத்துப் பகுதியின் ஓவசியர் சைக்கிளிலே வேலைத்தளத்துக்குச் செல்வார். காலையிற் செக்றோலில் ஆட்களின் பெயரைக் குறிப்பார். கல்லுக் குவியலின் நீளம், அகலம், உயரம் பார்த்து அளவைப் புத்தகத்திற் பதிவார். மாலையிற் கந்தோருக்கு மீண்டு மதிப்பீடு எழுதுவார். சாந்தின் பதத்தை விரலால் நசுக்கிப் பார்த்துக் குறை சொல்லவும், மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் அறிக்கை வரையவும் அவரால் இயன்றது. வெயிலில் நின்றபோதும் அவர் உத்தியோகத்தராகவே மதிக்கப்பட்டார். திருமணப் பேச்சுகளில் அவர்க்கு நல்ல மதிப்பு இருந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தவர் வெறுத்தது வெயிலையன்று, தூசியையுமன்று என்ற முடிவுக்கு வருதல் தகும். அவர்கள் அஞ்சியது நாட்கூலியை. மாதச் சம்பளம், ஓய்வூதியம், இடமாற்றக் கட்டளை, இவை உள்ள வேலை எங்கு நடப்பினும் உத்தியோகமே. இவை இல்லாத வேலை எத்துணை நுட்பமுடையதாயினும் "தொழில்" மாத்திரமே.

இம்மனநிலையைப் பரீட்சைகள் வளர்த்தன. கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையும் எழுதுவினைஞர் சேவைப் பரீட்சையும் குடும்பங்களின் எதிர்காலத்தை நிர்ணயித்தன. சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்பிக்கும் நிலையங்கள் பட்டினத்து மாடிகளிற் தோன்றின. மறுபுறம், 1893ஆம் ஆண்டில் மருதானையில் நிறுவப்பட்ட தொழில்நுட்பக் கல்லூரி அளவையாளரையும் ஓவசியர்மாரையும் பயிற்றியது. பிற்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகப் பொறியியற் பட்டத்துக்கும் மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1950ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பிற் தொடங்கப்பெற்று, 1964ஆம் ஆண்டிற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் தமிழிளைஞரின் எழுதுவினைஞர் வாயிலைச் சிறிது சிறிதாக அடைத்து வந்த காலத்தில், பொறியியற் பீடம் புதியதொரு வாயிலாகத் திறந்தது. அங்கே குடிசார்ப் பொறியியல் மாணவர் பெரிதும் விரும்பிய துறையாயிற்று. நீர்ப்பாசனத் திணைக்களமும் மராமத்துப் பகுதியும் பொறியியலாளரை எதிர்பார்த்திருந்தன. கட்டடத் தொழில் பட்டம் அணிந்து வந்தபோது அதனை எவரும் இகழவில்லை.

அத்தலைமுறையின் சிறந்த எடுத்துக்காட்டாகப் பேராசிரியர் அழகையா துரைராசாவைக் குறிப்பிடலாம். கேம்பிரிட்ஜில் மண்ணின் நறுக்கு வலிமை பற்றி ஆய்வு செய்து, ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் இணைந்து 1963ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட களிமண் பற்றிய கட்டுரை இன்றும் மண்பொறியியலின் அடிப்படை நூல்வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றது. நவீன கணினி மென்பொருள்கள் அடித்தளத்தின் அமிழ்வைக் கணிப்பதற்குப் பயன்படுத்தும் மாதிரிகள் அவ்வாய்வுப் பரம்பரையிலிருந்தே தோன்றின. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தவருடைய சமன்பாடு கணினிக்குள் வாழ்கின்றது. பேராதனைப் பொறியியற் பீடத்தின் பீடாதிபதியாக விளங்கிய அவர், 1988 முதல் 1994ஆம் ஆண்டில் மறையும் வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார்.

1970களின் தொடக்கத்தில் இவ்வாயிலும் ஒடுக்கப்பட்டது. 1969ஆம் ஆண்டளவிற் பொறியியற் பீடத்துக்கு அனுமதி பெற்றோருள் ஏறத்தாழ அரைவாசியினர் தமிழர். அதற்கடுத்து வந்த அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவர்க்கு 227 புள்ளிகளும் தமிழ் மொழி மூல மாணவர்க்கு 250 புள்ளிகளும் ஆகக்குறைந்த தகைமையாக விதிக்கப்பட்டன. கட்டுபெத்தையில் இவை முறையே 212, 232 ஆகும். பின்னர் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. இவற்றின் அரசியல் விளைவுகள் யாவரும் அறிந்தவை. தொழில் தெரிவு வரலாற்றில் இவற்றால் விளைந்த ஒரு கேடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பொறியியற் பீடத்துக்குள் நுழையச் சில புள்ளிகள் தவறியவனுக்கு அடுத்த படி என ஒன்றிருக்கவில்லை. தொழில்நுட்பவியலாளன், பயிற்சி பெற்ற மேசன், மின்னிணைப்பாளன் ஆகிய நடுப்படிகள் தோல்வியின் அடையாளங்களாகவே எண்ணப்பட்டன. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை எல்லாப் பாடசாலைகளிலும் புகுத்த முனைந்தது. அந்தந்த ஊரின் கைத்தொழிலை மாணவர் பயிலவேண்டுமென்ற அந்நோக்கம் உயர்ந்ததே. ஆயின் பெற்றோர் அதனைச் சந்தேகக் கண்கொண்டு நோக்கினர். தம் பிள்ளைகளை மீண்டும் குலத்தொழிலுக்குள் தள்ளும் சூழ்ச்சியோ என ஐயுற்றோரைக் குறைகூற இயலாது. ஆட்சி மாறிய பின்னர், அப்பத்தாண்டு முடிவதற்கு முன்பே அது கைவிடப்பட்டது.

விந்தை யாதெனில், பாடசாலை சாதிக்க முடியாததை எண்ணெய் சாதித்தது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளில் எழுந்த கட்டட அலை இலங்கையின் மேசன்மாரையும் தச்சரையும் குழாய் பொருத்துநரையும் ஈர்த்தது. கந்தோரில் இடம் கிடையாத படித்த இளைஞரும் அங்கே சாரக்கட்டில் ஏறினர். "வெளிநாட்டு வேலை" என்ற பொதுப்பெயர் அவ்வேலையின் தன்மையை மறைத்துக் குடும்ப மானத்தைக் காத்தது. ஊரில் நாட்கூலிக்குச் செய்யின் இழிவெனப்பட்டது, றியாலிலும் தினாரிலும் செய்யின் மதிப்புப் பெற்றது. அதே ஆண்டுகளிற் துரித மகாவலித் திட்டமும் நடைபெற்றது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டு 1985ஆம் ஆண்டிற் திறந்துவைக்கப்பட்டது. நாட்டின் மிகப்பெரிய கட்டுமானங்கள் எழுந்த வேளையில், கைதேர்ந்த தொழிலாளர் பலர் பாலைவனத்திற் கட்டடம் எழுப்பிக்கொண்டிருந்தனர்.

கணினித் துறைக்கான நிறுவன அடித்தளமும் இதே பத்தாண்டிலேயே இடப்பட்டது. 1984ஆம் ஆண்டிற் கணினி, தகவல் தொழில்நுட்பத்துக்கான தேசிய மன்றம் சட்டத்தின் வழி நிறுவப்பட்டது. 1985ஆம் ஆண்டில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கணினிப் பொறியியலுக்குத் தனித்துறை கண்டது. 1987ஆம் ஆண்டிற் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் முயற்சியாற் கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினித் தொழில்நுட்ப நிறுவகம் தோன்றியது. ஆயின் வடக்கின் இளைஞனுக்கு இவையெல்லாம் வேறொரு நாட்டின் செய்திகளாகவே இருந்தன.

வடக்குக்குத் தனக்கெனக் கட்டுமானத்தின் இதயம் ஒன்று இருந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. குடாநாட்டின் சுண்ணக்கல்லும், முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களிமண்ணும் அங்கே அரைக்கப்பட்டுச் சூளையிடப்பட்டன. மூன்று நான்கு தலைமுறைக்கு முன்னர் சுண்ணாம்புச் சூளைக்காரன் செய்த அதே இரசாயனத்தைப் பெரும் உருளைச் சூளை செய்தது. இம்முறை அங்கே வேலை செய்தவர் மாதச் சம்பளம் பெற்றனர். ஆகவே அது உத்தியோகமாயிற்று. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது அத்தொழிற்சாலை நின்றது. அவ்வாண்டிலேயே குடாநாட்டுக்குத் தேசிய மின்வலையமைப்பின் தொடர்பும் அற்றது. வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிற் சீமெந்தும் இரும்புக் கம்பியும் மின்கலமும் இடம்பெற்றன. சீமெந்தில்லாத ஊரிற் கட்டடத் தொழிலும், மின்சாரமில்லாத ஊரிற் கணினித் தொழிலும் ஒருசேர முடங்கின. ஒரு தலைமுறை முழுவதற்கும், எதைத் தெரிவது என்ற வினாவே எழவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோரும், போத்தல் விளக்கொளியில் உயர்தரக் கணிதம் படித்தோரும் அத்தலைமுறையினரே. விழுந்த வீட்டின் கல்லையும் ஓட்டையும் பிரித்தெடுத்துக் குடிசைக்குச் சுவர் வைத்த மேசன்மாரும் அவர்களே. இவ்விருவகைத் திறன்களும் எப்பரீட்சைப் பெறுபேற்றிலும் பதியப்படவில்லை.

2000ஆம் ஆண்டிற் கொழும்புப் பல்கலைக்கழகம் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம், பல்கலைக்கழக அனுமதி கிட்டாதோர்க்கு ஒரு வழியைக் காட்டியது. முன்னர் இலண்டன் வெளிவாரிப் பட்டம் ஆற்றிய பணியை அது ஓரளவு ஆற்றியது எனலாம். தட்டெழுத்து நிலையங்கள் இருந்த மாடிகளிற் கணினி வகுப்புகளின் பெயர்ப்பலகைகள் தொங்கின. 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிவுற்றபின் இருதுறைகளும் ஏககாலத்தில் வடக்கே வந்தன. இந்திய அரசின் உதவியுடனான வீடமைப்புத் திட்டத்தின்கீழ் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் கட்டப்பட்டன. அத்திட்டத்திற் பயனாளிகளே தம் வீட்டைக் கட்டுவிக்கும் பொறுப்பை ஏற்றனர். மேசன்மாருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பயிற்சிகள் நடத்தப்பட்டன. அப்பயிற்சிகளில் வன்னிப் பெண்களும் சேர்ந்து கரண்டி பிடித்தனர். கணவனை இழந்த குடும்பத் தலைவிக்குச் சாதிக் கட்டுப்பாடும் ஆண்தொழில் என்ற வழக்கும் பொருளற்றுப் போயின. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபரிற் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அதே காலத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் மென்பொருள் ஆர்வலர் குழுக்களும் தோன்றின. கொழும்புக்கோ சென்னைக்கோ செல்லாமல் ஊரிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யலாம் என்ற நிலை பிறந்தது.

புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தாற் கட்டப்படும் மாடி வீடுகள் மலாயாக் காலத்துக் கல்வீடுகளை நினைவூட்டுகின்றன. மென்பொருள் வேலையை யாழ்ப்பாணத்துப் பெற்றோர் வரவேற்கும் விதமோ எழுதுவினைஞர் உத்தியோகத்தை நினைவூட்டுகின்றது. அதற்கு மேசையுண்டு, ஆங்கிலமுண்டு, மாதச் சம்பளமுண்டு. ஓய்வூதியம் இல்லை என்பதை மாத்திரம் அவர்கள் சற்றுத் தாமதமாகவே கவனித்தனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதனை வெளிப்படுத்தியது. சீமெந்து விலை ஏறிக் கட்டட வேலைகள் நடுவழியில் நின்றன. நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட, கணினியின் முன்னிருந்தோரும் கைகட்டி இருந்தனர். மேசன் மீண்டும் வளைகுடாவுக்கு விண்ணப்பித்தான். மென்பொருளாளன் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் விண்ணப்பித்தான். கடவுச்சீட்டுக் காரியாலய வரிசையில் இருவரும் அருகருகே நின்றனர்.

2013ஆம் ஆண்டில் உயர்தர வகுப்புக்குத் தொழில்நுட்பப் பிரிவு சேர்க்கப்பட்டபோது, 1972இன் முயற்சி வேறொரு வடிவில் மீண்டது. இம்முறை அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம்வரை செல்லும் பாதை அமைக்கப்பட்டமையாற் பெற்றோரின் எதிர்ப்புக் குறைந்தது. பேராதனையில் முதலாண்டுப் பொறியியல் மாணவர் எல்லோரும் ஒரே பாடங்களைப் பயின்றபின், பெற்ற புள்ளிகளின் வரிசையிற் துறை தெரிவு செய்வர். ஒருகாலத்திற் குடிசார்ப் பொறியியலுக்கு முந்தியோர் இன்று கணினிப் பொறியியலுக்கு முந்துகின்றனர். கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திற் குடிசார்ப் பொறியியற் துறையும் கணினிப் பொறியியற் துறையும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. குடிசார்ப் பொறியியல் மாணவர் தம் வளைகளின் தகைப்பைக் கணினியிலேயே கணிக்கின்றனர். யுத்தத்தின்பின் புதிதாய் எழுந்த அவ்வளாகத்துக்குக் கல் அடுக்கிச் சுவர் எழுப்பியோருடைய பிள்ளைகள் எத்துணைப் பேர் அங்கு மாணவராய் அனுமதி பெற்றனர் என்பதை எவரும் கணக்கிட்டிலர்.